வா கண்ணு, சுங்கம் கட்டு

வா கண்ணு, வா. செருப்பைத் திண்ணை மேல எடுத்து வெய்யி, நாய்க்குட்டி கவ்வீட்டுப் போயிரும். கோயமுத்தூர்ல இருந்து வெயில்ல வண்டி ஓட்டீட்டு வந்தவன், அம்மிச்சி குடுத்த மோரைத் தொடாம போனையே மொறச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கறயே, என்ன சேதி? ஓகோ, மேட்ச்சா. இந்தியா ஆடுது. கொஞ்ச நேரம் காட்டிப்போட்டு, ஆட்டம் சூடு புடிக்கறப்ப படத்தை நிறுத்தி, சந்தா கட்டுனாத்தான் மிச்சம்னு சொல்லுதா? பரவால்லை, ஆட்டுக்குட்டிக்குத் தழையைக் காட்டி வண்டியில ஏத்தற அதே வேலைதான். சித்த பொறு. மொதல்ல மோரைக் குடி. அம்மிச்சி இன்னும் மோருக்குச் சந்தா போடலை.

குடிச்சாச்சா? இப்ப இந்தக் கட்டல்ல இப்படித் திரும்பி உக்காந்து சாளைக்குள்ள என்ன ஓடுதுன்னு பாரு. அதே மேட்ச். அதே மட்டையடி. அப்புச்சிக்கு எப்படி வருதுன்னு முழிக்காதே. கூரை மேல சோத்து வட்டலைச் சாச்சு வெச்சாப்பல ஒண்ணு இருக்குது பாத்தியா, அதுதான் டிடி ஃப்ரீ டிஷ். வாங்கறப்ப ஒருக்கா காசு குடுத்ததோட சரி. மாசாமாசம் ஒரு பைசா கெடையாது. உங்கூட்டுல கேபிளுக்குக் கட்டறீங்க, போனுக்குக் கட்டறீங்க, நெட்டுக்குக் கட்டறீங்க, அதுக்கு மேல ஒவ்வொரு செயலிக்கும் வருசச் சந்தா. அத்தனையும் கட்டற உனக்கு மேட்ச் வரலை. ஒண்ணுமே கட்டாத இந்தக் கெழவனுக்கு வருது. இது என்ற கெட்டிக்காரத்தனம் இல்லை சாமி, சட்டமே அப்படி.

சொல்றேன் கேளு. 2007-ல ஒரு சட்டம் போட்டாங்க. நாட்டுக்கு முக்கியமான ஆட்டம்னு அரசாங்கம் அறிவிச்சதை எந்தத் தனியார் சேனல் ஏலத்துல எடுத்திருந்தாலும், நேரடிப் படத்தைத் தூர்தர்ஷனை நடத்தற பிரசார் பாரதிக்கும் குடுக்கோணும். விளம்பர வருமானத்துல நூத்துக்கு 75 பங்கு உரிமை வாங்குனவனுக்கு, 25 பங்கு பிரசார் பாரதிக்கு. சரி, அப்ப கேபிள்ல வர்ற தூர்தர்ஷன்லயும் மேட்ச் வரோணுமில்ல? வந்துட்டுத்தான் இருந்துச்சு. கேபிள்காரன் தூர்தர்ஷனைக் காட்டியே ஆகோணும்னு வேற ஒரு சட்டம் இருக்குதல்ல, அது வழியா. உரிமை வாங்குனவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. கோடிகோடியாக் கொட்டி நாங்க எடுத்த ஆட்டம் கேபிள்ல சும்மா வந்தா எங்க சேனலுக்கு எவன் காசு கட்டுவான்னு கேட்டாங்க. 2017 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம், ஆமா, பகிர்ந்துக்கற படம் தூர்தர்ஷனோட தரைவழி ஒளிபரப்புக்கும் அதோட சொந்த டிஷ்ஷுக்கும் மட்டுந்தான், கேபிளுக்கு இல்லைன்னு சொல்லிருச்சு. அன்னைல இருந்து ஒரே தூர்தர்ஷனுக்கு ரண்டு மூஞ்சி. என்ற சாளையில அது மேட்ச் காட்டும். உங்கூட்டுல அதே நேரத்துல வேற ஏதாச்சும் காட்டும். காசு கட்டறவனுக்குத்தான் கதவு சாத்தறது, கட்டாதவனுக்கு இல்லை. இப்படியொரு ஞாயத்தை நம்ம பஞ்சாயத்துல சொல்லியிருந்தா வெத்தலைப் பொட்டியோட வெரட்டியிருப்பாங்க.

என்ன பாக்கறே, சுவத்துல கரியில எழுதியிருக்கற கணக்கையா? அதெல்லாம் மாட்டுக் கணக்குன்னு உங்கம்மா நெனச்சுட்டிருக்கறா. பாலு கணக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இருக்கறது பூராவும் கிரிக்கெட்டு ஏலக் கணக்கு. டீக்கடைப் பேப்பர்ல வர்றப்ப எல்லாம் வந்து எழுதிப்போடுவேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்ப அந்தச் சுவத்தை மட்டும் உட்ருன்னு அம்மிச்சிகிட்ட ஓரியாட்டம் பண்ணிக் காப்பாத்தி வெச்சிருக்கறேன்.

எனக்கு ஏன் இந்த ஏலக் கிறுக்குன்னு உனக்குத் தெரியாது. உங்கம்மாளுக்கு மூணு வயசா இருக்கறப்ப எங்கூர் வாரச்சந்தைச் சுங்கத்தை நான் குத்தகைக்கு எடுத்தேன். ஏலத்துல என்னோட போட்டிக்கு நின்னவன் மேக்கால ஊர்க்காரன். ரண்டு பேருக்கும் வரப்புத் தகராறு. சந்தையோட பெறுமானம் ரண்டாயிரந்தான்னு ரண்டு பேருக்குமே தெரியும். ஆனா அவன் மூவாயிரம்னா நான் மூவாயிரத்தைநூறு, அவன் நாலுன்னா நான் நாலரை. வீம்புக்குக் கேட்டுக் கேட்டு ஆறாயிரத்து எரநூறுல என்ற தலையில வந்து விழுந்துச்சு. பஞ்சாயத்துக்காரங்க எனக்கு மாலை போட்டாங்க. ஊட்டுக்கு வந்து அம்மிச்சி நகையை அடகு வெச்சேன்.

மக்யாநாளுச் சந்தையில ஆட்டுக்கு நாலணா இருந்த சுங்கத்தை எட்டணா ஆக்குனேன். தக்காளிக் கூடைக்குப் பத்துப் பைசா, கோழிக்கு அஞ்சு பைசான்னு ஏத்துனேன். சந்தைக்குள்ள வர்றதுக்கு இருந்த நாலு வழியில மூணுக்கு முள்ளு வெட்டிப் போட்டேன். ஒரு ஆட்டுக்காரன் என்ற கையைப் புடிச்சுட்டு, ஏனுங், இப்படி ஏத்திப்போட்டா நாங்க எங்க போறதுங்கன்னான். என்ன பண்றதப்பா, ஏலம் எச்சாப் போயிருச்சுன்னு அவனைவிடச் சோகமா மூஞ்சிய வெச்சுட்டுச் சொன்னேன். எச்சாப் போகக் கேட்டவனே நான்தான். அதை அவன் கேக்கலை, நானும் சொல்லலை. அதனால கண்ணு, இந்தச் சேனல்காரங்க உரிமத் தொகை ஏறிப்போச்சுன்னு சொல்றப்ப எனக்குச் சிரிப்பா வரும். அது என்ற பழைய வசனம்.

இந்தக் கதையோட தொடக்கத்தைச் சொன்னா நீ நம்ப மாட்டே. ஒரு காலத்துல மேட்ச் காட்டறதுக்குத் தூர்தர்ஷன் கிரிக்கெட் வாரியத்துக்குப் பணம் குடுக்கலை. வாரியந்தான் தூர்தர்ஷனுக்குக் குடுக்கோணும். தொண்ணூறுகள் தொடக்கத்துல ஒரு மேட்ச்சுக்கு 5 லட்சம் குடு, அப்பத்தான் காட்டுவேன்னு கேட்டுச்சு தூர்தர்ஷன். நாட்டுல இருந்ததே அந்த ஒரு கடை. 1993-ல ஹீரோ கோப்பை நடந்துச்சு. வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பு உரிமையை வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணுக்கு வித்துப்போட்டுது. அரசாங்கத்துக்கும் சங்கத்துக்கும் கோர்ட்டுல மல்லுக்கட்டு, ஆடுகளத்துல இன்னொரு மல்லுக்கட்டு. அரையிறுதியில கடைசி ஓவரு சச்சின் போட்டான், தென்னாப்பிரிக்காவுக்கு ஆறு ரன் வேணும், மூணுதான் குடுத்தான். இறுதி ஆட்டத்துல கும்ப்ளே 12 ரன்னுக்கு ஆறு விக்கெட். அதையெல்லாம் ஊரே நெனப்பு வெச்சிருக்குது. ஆனா அந்தக் கோப்பையில நெசமா செயிச்சவன் யாருங்கறது 1995 பிப்ரவரியிலதான் தெரிஞ்சுது. உச்ச நீதிமன்றம், காத்துல போற அலைவரிசை பொதுச் சொத்து, அது அரசாங்கத்தோட தனிச்சொத்து இல்லைன்னு தீர்ப்புச் சொல்லுச்சு.

பொதுச் சொத்து! அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு, நம்ம சொத்தாச்சேன்னு நிமிந்து உக்காந்தேன். பொதுச் சொத்துன்னா என்ன அர்த்தம்னு எனக்குத்தான் தெரியுமே கண்ணு. குளத்து மீனு பொதுச் சொத்து, ஏலத்துக்கு வரும். ரோட்டோரப் புளியமரம் பொதுச் சொத்து, ஏலத்துக்கு வரும். பொதுவுன்னு ஆனதுக்கு அப்பறம் புளியம்பழம் பொறுக்குன பையனை ஏலக்காரன் அடிச்ச கதையும் தெரியும்.

2004-ல இந்தியா பாகிஸ்தானுக்கு ஆடப் போச்சு. அத்தனை வருசம் கழிச்சுப் போற ஆட்டம், ஆடு மேய்க்கறவன்கூட பாக்கோணும்னு துடிச்சான். உரிமை ஒரு தனியார் சேனல்கிட்ட. கேபிள் இல்லாதவன் கதி? அப்ப வழக்குப் போய் நின்ன எடம் எது தெரியுமா, நம்ம சென்னை உயர் நீதிமன்றம். தூர்தர்ஷனுக்கும் படத்தைக் குடுன்னு அங்க உத்தரவாச்சு. அப்பறம் உச்ச நீதிமன்றம் போய், சரி குடு, ஆனா உன்ற சேனல் முத்திரையோட, உன்ற விளம்பரத்தோடயே தூர்தர்ஷன் காட்டட்டும்னு முடிஞ்சுது. அடுத்தவன் ஊட்டு மாப்பிள்ளைக்கு நம்மூட்டுல விருந்து, பரிசம் மட்டும் அவங்க ஊட்டுக்கு.

அதைவிட வேடிக்கை 2007 சனவரி. வெஸ்ட் இண்டீஸ் இங்க ஆட வந்திருந்தது. தூர்தர்ஷனும் காட்டலாம், ஆனா ஏழு நிமிசம் கழிச்சுத்தான்னு டெல்லி உயர் நீதிமன்றத்துல ஏற்பாடு. ஏழு நிமிசம்னா எவ்வளவு தெரியுமா? ரண்டு ஓவரு போயிரும். இங்கத்த டிவில பேட்டைத் தூக்கீட்டு நிக்கறவன் நெசத்துல பெவிலியன்ல உக்காந்து தண்ணி குடிச்சிட்டிருப்பான். எங்கூர்ல கேபிள் வெச்சிருந்த வாத்தியாரு ஊட்டுல அடின்னு ஒரு சத்தம் கேக்கும். நாங்க சரின்னு எந்திரிச்சுப் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டி, தாளிச்ச பொரியையும் கட்டீட்டு வந்து உக்காந்தா அந்த சிக்ஸரு வரும். அந்த வருசந்தான் மொதல்ல அவசரச் சட்டம், பொறவு நான் சொன்ன அந்தப் பகிர்வுச் சட்டம்.

இப்ப நீ கேக்கோணும், அப்ப ஐபிஎல்லும் இந்த வட்டல்ல வருமா அப்புச்சின்னு. வரோணும்னு சட்டம் இல்லை. அங்கதான் இருக்குது சூட்சுமம். முக்கிய ஆட்டப் பட்டியல்ல ஒலிம்பிக் இருக்குது, இந்திய ஆம்பளைங்க அணி ஆடற ஒருநாள், இருவது ஓவர் ஆட்டம் இருக்குது, அரசாங்கம் முக்கியம்னு நெனைக்கற டெஸ்ட் இருக்குது, உலகக் கோப்பை அரையிறுதி, இறுதி இருக்குது. ஐபிஎல் இல்லை. அதுல ஆடறது ஊர்ப் பேரை வெச்சுட்டிருக்கற கம்பெனிங்களாமா. சென்னைங்கற பேரு மட்டும் நம்முளுது.

சுவத்துல மேல இருந்து மூணாவது வரியைப் படி. கண்ணு தெரியலைன்னா கிட்டப் போய் படி. ஐபிஎல் டிவி உரிமை 2008-ல இருந்து மொத பத்து வருசம் ஒருத்தன்கிட்ட இருந்துச்சு. 2017 செப்டம்பர்ல அடுத்த அஞ்சு வருசத்துக்கு ஸ்டார் எடுத்தது 16,347 கோடியே 50 லட்சம். அடுத்தது 2022 சூன். இந்தத் தடவை வாரியம் ரொம்ப வெவரம். மாட்டை முழுசா விக்காம தலை, தொடை, ஈரல்னு கூறு போட்டுது. டிவிக்குத் தனி, இணையத்துக்குத் தனி. டிவிக் கூறு 23,575 கோடி, டிஸ்னி ஸ்டார். இந்தியாவுக்குள்ள இணையக் கூறு 20,500 கோடி, வயாகாம்18. மிச்சம் மீதியையும் கூட்டுனா அஞ்சு வருசத்துக்கு 48,390 கோடி. கணக்குப் போட்ட 410 ஆட்டத்துக்கு வகுத்தா ஒரு ஆட்டம் 118 கோடி. நான் அதோட உடலை. ஒரு ஆட்டத்துக்கு 240 பந்து. ஒரு பந்து 49 லட்சம் ரூவா!

நல்லா யோசி சாமி. பௌலர் ஓடி வந்து போடறான். பேட்ஸ்மேன் மட்டையைத் தூக்கிச் சும்மா உட்டுடறான். கீப்பர் புடிச்சுப் பக்கத்துல நிக்கறவனுக்குப் போடறான், அவன் பேண்ட்டுல தொடச்சுக் குடுக்கறான். 49 லட்சம் போச்சு. காங்கேயங்காளை சோடி சோடியா வாங்கிக் கட்டுத்தரை பூராக் கட்டலாம். வைடுக்கும் நோபாலுக்கும் கணக்குச் சேக்கலை, அது கொசுறு.

இந்தக் காசை எவன் கட்டறான்? விளம்பரக்காரன் கட்டறான்னு சொல்லுவே. விளம்பரக்காரனுக்கு எவன் கட்டறான்? பானிபூரி துன்னுட்டு வாய் கொப்புளிக்கறதுக்கு நீ வாங்கற சோடாவுல இருக்குது. மிச்சத்துக்குச் சந்தா. அதுல பெரிய வித்தை ஒண்ணு 2019 பிப்ரவரியில நடந்துச்சு. டிராய்னு ஒரு ஆணையம், இனிமே வேணுங்கற சேனலை மட்டும் எடு, அதுக்கு மட்டும் காசு குடுன்னு சொல்லிருச்சு. கேக்கறதுக்கு எப்படி இருந்துச்சு! மளிகைக்கடையில சீட்டுக் குடுக்கற மாதிரி சேனலுக்குச் சீட்டு எழுதுனோம். உங்கம்மா ரண்டு சீரியல் சேனலை எழுதுனா, உங்கய்யன் ஒரு நியூஸ் சேனலை எழுதுனான், நீ ஆட்டச் சேனலை எழுதுனே. மாச முடிவுல சீட்டைப் பாத்தா, ஒண்ணுமே எடுக்காட்டியும் கம்பி வர்றதுக்கு 130 ரூவா, அதுக்கு மேல வரி, ஆகமொத்தம் 153 ரூவா 40 பைசா. 2011-ல அரசு கேபிள் மாசம் 70 ரூவாய்க்குக் குடுத்துட்டிருந்தது ஞாபகம் இருக்குதா? உனக்கு எங்க இருக்கும், அப்ப நீ சுட்டி டிவி.

அந்த உத்தரவுல இன்னொரு வரி. 19 ரூவாய்க்கு மேல வெலை வெச்ச சேனலைக் கட்டுல சேத்து விக்கக் கூடாது. கட்டுன்னா நம்ம கீரைக்கட்டு மாதிரி, பத்துச் சேனலைச் சேத்துக் கட்டறது. ஞாயமாத்தான் போட்டாங்க, வெலை ஏறாம இருக்கோணும்னு. அப்பறம் என்னாச்சு, பேரு வாங்குன சேனலு பலதும் சொல்லி வெச்ச மாதிரி 19 ரூவாயில வந்து நின்னுச்சு. மாட்டை எத்தனை முழக் கவுத்துல கட்டுனாலும் அது கவுறு முட்டத்தான் மேயும். வரியோட சேத்தா 22 ரூவா 42 பைசா. அந்த 19-ஐ 12 ஆக்கறோம்னு ஒருக்காச் சொன்னாங்க. கோர்ட்டு, கேசுன்னு ரண்டு மூணு வருசம் இழுத்து, 2022 நவம்பர்ல மறுபடியும் 19-க்கே வந்துட்டாங்க. செக்குமாடு எத்தனை மைலு நடந்தாலும் செக்கடிக்குத்தானே வரும்.

உங்கூட்டுக்குள்ளயே பாரேன், ஆட்டமே பாக்காதவ உங்கம்மா. அவளோட சீரியல் கட்டுக்குள்ள ஆட்டச் சேனலையும் சொருகிக் குடுத்திருக்கறாங்க. அவ கட்டற காசுலயும் ஒரு பந்தோட ஒரு ஓரம் இருக்குது. அந்த வெவரம் தெரிஞ்சா அவ சமையக்கட்டுல இருந்து வந்து சிலிப்புல நிக்கறவனைக் கேள்வி கேப்பா.

2023-ல உனக்கு ஒரு பொற்காலம் வந்துச்சு, ஞாபகம் இருக்குதா? வயாகாம்18-ஓட ஜியோசினிமாவுல ஐபிஎல் பூராவும் இனாம். அந்த வருச இறுதி ஆட்டம், மழை பேஞ்சு அடுத்த நாளுக்குத் தள்ளிப்போய், நடுராத்திரி தாண்டி, ஜடேஜா கடைசி ரண்டு பந்துல ஆறும் நாலும் அடிச்சுச் சென்னைக்கு வாங்கிக் குடுத்தான். அன்னைக்கு ஒரே நேரத்துல 3 கோடியே 20 லட்சம் பேரு அதைப் பாத்தாங்களாம். 20,500 கோடி குடுத்து வாங்குனதை எப்படிச் சும்மா குடுக்கறாங்கன்னு நீ என்கிட்டயே வந்து ஆச்சரியப்பட்டே. அப்புச்சி, இவங்க நல்லவங்கன்னே. நான் ஒண்ணும் சொல்லலை, வெத்தலையை மடிச்சு வாயில போட்டுட்டேன். ஏன்னா எனக்கு என்ற சந்தை ஞாபகம் வந்துருச்சு.

நான் சுங்கம் எடுத்த ரண்டாவது வருசம் மேக்கால ஊர்க்காரன் போட்டிக்கு ஒரு சந்தை போட்டான். நான் தண்டோரா போட்டேன்: ரண்டு மாசத்துக்கு நம்ம சந்தையில சுங்கம் கெடையாது! ஆட்டுக்காரங்க என்னைய மகராசன்னாங்க. அந்தச் சந்தை ஈ ஓட்டுச்சு. மூணாவது மாசம் அவனும் நானும் ஒரே பந்தியில உக்காந்து சோறு உண்டோம். வரப்புத் தகராறு தீந்துது. ரண்டு சந்தைக்கும் ஒரே சீட்டு, ஒரே வெலை. அதுக்கு அடுத்த வாரம் ஆட்டுக்காரங்க என்னைய என்ன சொன்னாங்கங்கறதை உன்ற வயசுல கேக்கக் கூடாது.

இப்பச் சுவத்தைப் பாரு. ஐபிஎல் இணைய உரிமையை உட்டுப்போட்ட டிஸ்னி ஸ்டாரோட ஹாட்ஸ்டார், 2023-ல ஒரே காலாண்டுல 1 கோடியே 25 லட்சம் சந்தாதாரரை எழந்துச்சு. அவங்களும் சும்மா இருக்கலை, அந்த வருசம் உலகக் கோப்பையைப் போன்ல இனாமாக் காட்டுனாங்க. இறுதி ஆட்டத்துல ஒரே நேரத்துல 5 கோடியே 90 லட்சம் பேரு. நம்மாளுக தோத்ததை இனாமாப் பாத்தோம், அது ஒரு ஆறுதல். 2024 நவம்பர்ல ரண்டு ஊடும் சம்மந்தம் பண்ணிக்கிச்சு. போட்டி ஆணையம் அதுக்குச் சம்மதிச்சப்ப, கிரிக்கெட்டு விளம்பர நேரத்தை டிவிக்கும் இணையத்துக்கும் சேத்துக் கட்டி விக்க மாட்டோம்ங்கற மாதிரி சில ஒப்புதலை வாங்கிட்டுத்தான் குடுத்துச்சு. 2025 பிப்ரவரியில ரண்டு செயலியும் ஒண்ணாகி ஜியோஹாட்ஸ்டார்னு புதுப் பேரு. அந்த வருச ஐபிஎல்லுக்குச் சந்தா, இல்லைன்னா சந்தாவோட சேந்த ரீசார்ஜ். ஒரே பந்தி, ஒரே சீட்டு. நல்லவங்கன்னு சொன்னியே, நானும் நல்லவன்தான் கண்ணு.

இதுல இன்னொரு கெரகம், ஒரே எடத்துல கட்டுனாலும் வேலை முடியறதில்லை. இந்தியா இங்க ஆடுனா நம்ம வாரியம் வித்த எடத்துல பாக்கோணும். வெளிநாட்டுக்கு ஆடப் போனா அந்த நாட்டு வாரியம் எவனுக்கு வித்துதோ அங்க. உலகக் கோப்பைன்னா ஐசிசி வித்தவன்கிட்ட. கோலிக்குப் பொறத்தால போறதா நெனச்சு நீ ஒடக்கானாட்ட வேலிக்கு வேலி தாவீட்டிருக்கறே. ஒவ்வொரு வேலியிலயும் ஒருத்தன் சீட்டுப் பொஸ்தகத்தோட உக்காந்திருக்கறான்.

நம்மூர்ல மட்டும்னு நெனைக்காதே. கிரிக்கெட்டைப் பெத்த இங்கிலாந்துலயே 2005 ஆஷஸை எல்லாரும் இனாம் சேனல்ல பாத்தாங்க. ஃபிளிண்டாஃப் ஆடுன ஆட்டத்துக்குத் தெருவே கூடுச்சு. ஊரே பைத்தியம் புடிச்சு நின்ன அந்த நேரத்துல, 2006-ல இருந்து உள்ளூர் டெஸ்ட் பூராவும் காசு கட்டற ஸ்கை சேனலுக்குப் போயிருச்சு. பசி வந்த நேரம் பாத்துச் சோத்துப் பானைக்குப் பூட்டு.

முழுசா வைய மாட்டேன், வஞ்சா பாவம். இந்தக் காசு வந்ததுலதான் தெருவுல ஆடிட்டிருந்த பையனுக்கெல்லாம் வாழ்க்கை வந்துச்சு. பொம்பளைப் புள்ளைக லீக்குக்கு அஞ்சு வருச உரிமை 951 கோடிக்குப் போச்சு. அந்தக் காலத்துல புள்ளைக மட்டையெடுத்தா ஊரே சிரிச்சுது. அப்பறம் தமிழ்ப் பேச்சு. ஒரு காலத்துல வானொலியில அப்துல் ஜப்பார் அய்யா தமிழ்ல சொல்றதைக் கேட்டுத்தான் சேப்பாக்கம் எப்படி இருக்கும்னு நான் மனசுக்குள்ள படம் வரைஞ்சேன். இன்னைக்கு ஆட்டச் சேனல்லயே தமிழ்ல பழமை பேசறாங்க. கொஞ்சம் எச்சாவே பேசறாங்க, பந்து போடறதுக்குள்ள மூணு சினிமா வசனம் வந்துருது. இருந்தாலும் நம்ம பேச்சு.

சரி, உனக்கு ரோசனை சொல்லோணுமில்ல. கேபிள்ல கட்டைத் தூக்கிப் போடு. ஆட்டச் சேனலை மட்டும் தனியா எடு, சீசனுக்கு ரண்டு மாசம், முடிஞ்ச மக்யாநாளே நிறுத்து. அதுக்கு உரிமை இருக்குது. கேபிள்காரத் தம்பி, அதெல்லாம் சிஸ்டத்துல வராதுங்கண்ணான்னு சொல்லுவான். அவன்கிட்டச் சண்டைக்குப் போகாதே, பாவம், அவன் என்ற சந்தை வாசல்ல சீட்டுக் கிழிச்ச பையன் மாதிரி. ஊட்டுக்குப் போய் ஒரு டீயைக் குடுத்து, பக்கத்துலயே ஸ்டூலப் போட்டு உக்காந்துக்க. அரைமணி நேரத்துல சிஸ்டத்துல வந்துரும்.

அதுக்கும் மனசில்லைன்னா, பொண்ணு பாக்கறப்ப நெலம் எத்தனை ஏக்கருன்னு கேக்காதே, ஊட்டுல என்ன பேக்கேஜுன்னு கேளு. நாலு கூட்டாளிக சேந்து ஆளுக்கொரு மேட்ச் ஊடுன்னு மொறை வெச்சுக்கங்க, அவங்கவங்க ஊட்டுப் பலகாரத்தோட. எங்க காலத்துல தண்ணி மொறை அப்படித்தான் பாஞ்சுது, வரப்புக்கு வரப்பு. இல்லையா, பேசாம கட்டு சாமி. நீ கட்டாட்டி அந்த 49 லட்சம் பந்தை எவன்தான் போடுவான்? உன்ற சம்பளத்துல ஒரு துளி அந்தப் பந்தோட தையல்ல இருக்குதுன்னு நெனச்சுப் பாரு, எத்தனை பெருமை.

அட, என்னது, அங்க சத்தம்? கெழக்கால சாளையில கத்தறாங்க பாரு. விக்கெட்டா? என்ற டிவில இப்பத்தான் ஓடி வர்றான்... ஆமா, போல்டு! என்னமோ நான் பேசீட்டு இருக்கறப்பவே நீ கட்டிப்போட்டியா? போன்ல படம் ஓடுதே. எத்தனைக்குக் கட்டுனே? மூணு மாசத்துக்கு 149-ஆ? இரு, உன்ற படத்துல இன்னும் பந்தே போடலையே கண்ணு. உனக்கு விக்கெட் உழுகறதுக்குள்ள நான் எந்திரிச்சுக் கன்னுக்குட்டிய அவுத்து உட்டுட்டு வந்துருவேன். காசும் கட்டி, அரை நிமிசம் பொறத்தாலயும் வர்றதுங்கறது பெரிய யோகம்.

கோவிச்சுக்காதே, போறப்ப தேங்காய் ரண்டும், முருங்கைக்காயும் எடுத்துட்டுப் போ. இந்தா, இந்தக் கரித்துண்டைப் புடி. சித்திரை வந்தா ஐபிஎல் வந்துருது, இந்த வட்டல்ல அது பூராவும் வர மாட்டேங்குது, டீக்கடைப் பெஞ்சில மூணு மணி நேரம் உக்காந்தா எனக்கு இடுப்புப் புடிச்சுக்குது. உன்ற சித்தப்பன் குடுத்த பழைய போனு ஒண்ணு பொட்டிக்குள்ள கெடக்குது. அந்தப் பாஸ்வேர்டோ என்னமோ சொன்னியே, அதை 48,390-க்குக் கீழ கொஞ்சம் எடம் இருக்குது பாரு, அங்க பெருசா எழுதிப்போட்டுப் போ.